உணவின் நுண்சத்துக்கள்: பயனும் நிலையாமையும்

(கண்டியில் நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உணவைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி நமது செயலாளர் என்னைக் கேட்டபோது, "கூட்டம் முடிந்ததும் சிற்றுண்டி உண்டு, ஆகையால் நீட்டிவிட வேண்டாம்" என்றும் சேர்த்தே சொன்னார். உணவைப் பற்றிப் பேச வந்தவன் உணவுக்கே தடையாக நிற்பது முறையன்று. ஆயினும் நான் சொல்ல வந்த விஷயத்தின் பெரும்பகுதி அந்தச் சிற்றுண்டியோடு வரப்போகும் தேநீரைப் பற்றியதாகையால், சற்றுப் பொறுமையோடு கேட்டருளும்படி வேண்டிக்கொள்ளுகிறேன்.

சென்ற வருடம் கண்டியை அடுத்த ஒரு தோட்டத்திலே எனது உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டு மருமகள் கொழுந்து எடுப்பவள். அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. இரத்தம் குறைவென்று கிளினிக்கிலே இரும்புக் குளிசை கொடுத்திருந்தார்கள். காலையில் கோதுமை ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டாள். பிறகு அந்தக் குளிசையை வாயிலிட்டு, நன்றாகச் சாயம் இறங்கியிருந்த வெறுந் தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்து விழுங்கினாள். "ஒரு நாளும் தவறாமல் குடிக்கிறேன் மாமா, ஆனாலும் இரத்தம் ஏறவில்லை என்று மிஸ்ஸி ஏசுகிறார்" என்று என்னிடம் முறையிட்டாள். நான் பல வருட காலம் பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பித்தவன். என் கண்முன்னே ஒரு இரசாயனப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. நானோ ரொட்டியைத் தின்றுகொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸிலே வைத்துத்தான் எனக்கு உறைத்தது. அந்த வெட்கமே இன்றைய பேச்சுக்குக் காரணம்.

நுண்சத்துக்கள் என்று நான் சொல்பவை யாவை? மாப்பொருள், புரதம், கொழுப்பு ஆகியவை உணவிலே பேரளவில் வேண்டப்படுபவை. விற்றமின்களும் உப்புக்களும் சிற்றளவில் வேண்டப்படுபவை. இவற்றுக்கு அப்பால் மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு. மஞ்சளின் நிறம், மிளகின் உறைப்பு, வல்லாரையின் கைப்பு, தேயிலையின் துவர்ப்பு, சிவப்பரிசியின் சிவப்பு, வெள்ளைப்பூட்டின் வாசம் - இவையெல்லாம் அக்கூட்டத்தைச் சேர்ந்தவை. இவை இல்லாமற் போனால் மனிதன் மடிந்துவிட மாட்டான். ஆனால் உடலுக்குள்ளே சென்றால் சும்மா இருப்பதுமில்லை. ஏதோ ஒரு தொழிலைச் செய்கின்றன. விஞ்ஞானிகள் இவற்றை உயிர்ச் செயற்பாட்டுப் பொருள்கள் என்பர். இந்தப் பேச்சில் இவற்றோடு விற்றமின் சி, கரற்றீன் ஆகிய இரண்டையும் சேர்த்துக்கொள்ளுகிறேன். ஏனெனில் கெட்டுப்போகும் விஷயத்தில் இவையெல்லாம் ஒரே குடும்பம். மரஞ்செடிகள் இவற்றை நமக்காகச் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பூச்சி கடியாமலும், வெயில் சுடாமலும், பூஞ்சணம் பிடியாமலும் தம்மைக் காத்துக்கொள்ளவே செய்தன. நாம் இடையிலே புகுந்து பறித்துக்கொண்டோம்.

இவை உடம்புக்கு நல்லவை என்று சொல்லப்படுவதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று, இவற்றுட் பல ஒட்சியேற்றத்தைத் தடுப்பவை என்பது. அஃது எவ்வாறு நடைபெறுகிறது? லயத்துக் கூரைத் தகரத்தைப் பாருங்கள். அது இரும்புத் தகடு. மேலே நாகம் பூசப்பட்டிருக்கிறது. மழையும் காற்றும் அரிக்க வரும்போது நாகம் முந்திக்கொண்டு தான் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. நாகம் தீர்ந்தபின் கூரை துருவேறி ஒழுகத் தொடங்குகிறது. நுண்சத்துக்களிற் பலவும் இப்படியே தம்மைக் கொடுத்துப் பிறிதொன்றைக் காக்க வல்லவை. ஆகவே அவை எளிதிற் கெட்டுப் போவது அவற்றின் குறையன்று. அவற்றின் குணமே அதுதான். எளிதில் மாறாத பொருளாக இருந்தால் அவை இந்தத் தொழிலுக்கு உதவா. நன்மையும் நிலையாமையும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னே வருவதெல்லாம் எளிதில் விளங்கும்.

இனித் தேயிலைக்கு வருவோம். கண்டியிலிருந்து பேசுகிறவன் வேறெங்கே தொடங்க முடியும்? 1824 ஆம் ஆண்டிலே சீனத்துத் தேயிலைச் செடி பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அப்போது அது பார்வைக்கு வைத்த செடிதான். 1867 இல் ஜேம்ஸ் ரெய்லர் என்னும் ஸ்கொத்லாந்து தேசத்தவர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அடுத்த இரண்டு வருடத்துக்குள் கோப்பிச் செடியை இலைநோய் பிடித்தது. அதன் பின்னர் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கிருப்பவர்களிற் பலருடைய பாட்டன்மார் அந்தக் கதைக்குள்ளே நடந்து வந்தவர்கள்.

பச்சைக் கொழுந்தை உலர்த்தி நிறுத்தால், அந்த நிறையிலே நூற்றுக்கு 25 முதல் 35 பங்கு வரை துவர்ப்புப் பொருள்களே. அவற்றுள் முதன்மையானவை கற்றேக்கின்கள். கொழுந்து செடியிலிருக்கும்போது இவை இலையின் கலத்துக்குள்ளே ஓர் அறையில் இருக்கின்றன. இவற்றை ஒட்சியேற்றக்கூடிய நொதியம் வேறோர் அறையில் இருக்கிறது. நடுவே சுவர். கொழுந்தை இரவு முழுவதும் மாடத்தில் வாட்டி, இயந்திரத்திலிட்டு உருட்டும்போது அந்தச் சுவர் இடிந்துபோகிறது. நொதியமும் கற்றேக்கினும் காற்றிலுள்ள ஒட்சிசனும் ஒன்று கூடுகின்றன. பச்சை இலை செம்பு நிறமாகிறது. கற்றேக்கின்களிற் பெரும்பகுதி மறைந்து, தியபிளேவின், தியரூபிஜின் என்னும் புதுப் பொருள்கள் பிறக்கின்றன. முன்னது தேநீருக்குப் பொன்னிறமும் விறுவிறுப்பும் கொடுப்பது. பின்னது செந்நிறமும் கனதியும் கொடுப்பது. பிறகு அடுப்புக் காற்றிலே சுட்டு உலர்த்தும்போது நொதியம் செத்துவிடுகிறது, மாற்றமும் நிற்கிறது. ஹந்தானையிலே 1925 இல் கட்டிய பழைய தொழிற்சாலையைத் தேயிலை நூதனசாலையாக்கி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று அந்த உருட்டும் இயந்திரங்களைக் காட்டுங்கள். காட்டும்போது, "இது இலையை நசுக்கும் இயந்திரம் மாத்திரமல்ல, கலத்துக்குள்ளே சுவரை இடிக்கும் இயந்திரம்" என்றும் சொல்லுங்கள்.

சீனரும் யப்பானியரும் பச்சைத் தேயிலை செய்யும்போது முதலிலேயே கொழுந்துக்கு ஆவியோ சூடோ காட்டி நொதியத்தைக் கொன்றுவிடுகிறார்கள். ஆதலால் அதிலே கற்றேக்கின்கள் பெரும்பாலும் நிலைத்திருக்கின்றன. இதைக் கொண்டு பச்சைத் தேயிலையே மருந்து, நம்முடைய கறுப்புத் தேயிலை வெறுஞ் சாயம் என்று விளம்பரம் செய்வோர் உளர். அது அவசரப்பட்ட பேச்சு. பிரித்தானியாவிலே ஏறக்குறைய 5 இலட்சம் பேரைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்து 2022 இல் வெளியிட்ட ஆய்விலே, பெரும்பாலும் கறுப்புத் தேநீரையே அருந்தும் அம்மக்களுள் நாளொன்றுக்கு இரண்டு கோப்பையும் அதற்கு மேலும் குடிப்போரின் மரண வீதம், தேநீர் குடியாதோரைவிட 9 முதல் 13 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. தேநீர்தான் ஆயுளைக் கூட்டியது என்று இதனாற் சாதிக்க முடியாது. தேநீர் குடிப்போரின் வாழ்க்கைமுறையும் காரணமாயிருக்கலாம். ஆயினும் மாறிப்போன பொருளெல்லாம் பயனற்றுப் போன பொருளல்ல என்பதற்கு இது போதும். தியபிளேவினும் ஒரு நுண்சத்தே.

நிற்க. இதே துவர்ப்புப் பொருளுக்கு இன்னொரு முகம் உண்டு.

நம் முன்னோர் ஏட்டில் எழுதிய எழுத்துக்குக் கரி பூசினர். பின்பு காகிதம் வந்தபோது மை காய்ச்சினர். கடுக்காயை இடித்து ஊறவைத்து, அந்தத் துவர்ப்பு நீரிலே அன்னபேதியைக் கலந்தால் கறுகறுவென்று மை உண்டாகும். அன்னபேதி என்பது யாது? இரும்புச் சல்பேற்று. வைத்தியசாலையிலே கொடுக்கும் இரும்புக் குளிசை பெரும்பாலும் அந்த இரும்புச் சல்பேற்றேதான். தேத்தண்ணீரிலும் கடுக்காயைப் போலவே துவர்ப்புப் பொருள் நிறைந்திருக்கிறது. நம்பாதவர்கள் வீட்டுக்குப் போய், ஒரு குளிசையைக் கரைத்துச் சாயத்தண்ணீரில் ஊற்றிப் பாருங்கள். கறுத்துப் போவதைக் காண்பீர்கள். அந்தப் பெண்பிள்ளை ஒவ்வொரு காலையிலும் தன் வயிற்றுக்குள்ளே மை காய்ச்சிக்கொண்டிருந்தாள். துவர்ப்புப் பொருளோடு கட்டுண்ட இரும்பை நமது குடல் உறிஞ்சமாட்டாது. வந்த வழியே வெளியே போய்விடும்.

இஃது என் கற்பனையன்று. 1975 ஆம் ஆண்டிலேயே தென்னாபிரிக்காவில், நம்மைப் போலவே கடல் கடந்து சென்ற இந்திய வம்சாவளிக் குடும்பப் பெண்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். சோற்றோடும் பாணோடும் தேநீர் அருந்தியபோது இரும்பு உறிஞ்சப்படுவது வெகுவாகக் குறைந்தது. 1999 இல் வெளியான வேறோர் ஆய்விலே, பாணோடு குடித்த கறுப்புத் தேநீர் 79 முதல் 94 சதவீதம் வரை இரும்பைத் தடுத்துவிட்டது. பால் சேர்த்துக் குடித்தால் தப்பலாமோ என்று பார்த்தார்கள். பாலினால் அதிக மாற்றமில்லை. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரத்த இரும்பைத் தேநீர் அவ்வளவு தடுப்பதில்லை. கீரை, பருப்பு, அரிசி ஆகியவற்றிலுள்ள இரும்பையே அதிகமாகத் தடுக்கிறது. எனவே சைவ உணவு உண்போரும், இறைச்சி வாங்க வசதியற்றோருமே இதனாற் பெரிதும் நஷ்டப்படுகின்றவர்கள்.

தோட்டங்களிலே இரத்தச்சோகைக்குத் தேநீர் ஒன்றே காரணம் என்று யாரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். கொக்கிப்புழு நம்மவர் இரத்தத்தைக் குடித்த வரலாறு நெடியது. அமெரிக்காவின் றொக்பெல்லர் தாபனம் அதற்கெதிராக 1916 இல் இலங்கைத் தோட்டங்களில் இயக்கம் தொடங்கியதற்கே காரணம் இருந்தது. போதிய உணவின்மை, அடுத்தடுத்த பிள்ளைப்பேறு, கடின வேலை என்று வேறு பலவும் உள. ஆனால் மற்றக் காரணங்களை நீக்கப் பணமும் காலமும் அதிகாரமும் வேண்டும். இந்த ஒரு காரணத்தை நீக்கக் கடிகாரம் ஒன்றே போதும். இங்கிலாந்துப் பெண்களிடையே நடத்தி 2017 இல் வெளியிட்ட சோதனையிலே, சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விட்டபோது அந்தத் தடை கணிசமாகத் தளர்ந்தது. தளர்ந்தது என்றுதான் சொல்லுகிறேன். முற்றாக நீங்கியது என்று சொல்லவில்லை.

தேசிக்காய்ப் புளி இதற்கு நேர் எதிரான வேலை செய்கிறது. அதிலுள்ள விற்றமின் சி இரும்பைக் குடலுக்கு ஏற்ற நிலையில் வைத்திருக்கிறது. வல்லாரைச் சம்பலிலே தேசிக்காய் பிழிந்து உண்ணும் வழக்கம் நாவுக்கு மாத்திரம் ஏற்பட்டதல்ல. தேசிக்காய் விலையேறினால் கொய்யாப்பழம் இருக்கிறது. 100 கிராம் கொய்யாவிலே 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி உண்டு. தோடம்பழத்திலோ 50 மில்லிகிராம் அளவுதான். லயத்தின் பின்னாலே காகம் கொத்தி விழுகிற கொய்யாவை விட்டுவிட்டு, நோயாளியைப் பார்க்கப் போகும்போது காசு கொடுத்துத் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போகிறோம்!

ஆனால் விற்றமின் சியைப்போல எளிதிற் கெடுவதும் இல்லை. வெட்டி வைத்தாற் குறையும், நீரில் ஊறினாற் கரைந்து போகும், கொதித்தால் அழியும், செம்புப் பாத்திரம் பட்டால் அழிவு இன்னும் விரைவுபடும். கீரை பச்சை மாறாமல் இருக்கவேண்டுமென்று அப்பச்சோடா போடுவார்கள். பச்சை நிற்கும், சத்து நில்லாது. கண்ணுக்கு விருந்து, உடம்புக்குப் பட்டினி. மறுபுறத்திலே, அடுப்பில் இருக்கும்போதே புளி பிழிந்தால் பச்சையம் தன்னிடமுள்ள மக்னீசியத்தை இழந்து கீரை பழுத்த நிறமாகிவிடும். ஆகவே இறக்கி ஆறவிட்டுப் பிழிவதே உத்தமம். சிங்கள மக்களிடமிருந்து நாமும் கற்றுக்கொண்ட சுண்டல் இருக்கிறதே - கீரையை மெல்லியதாக அரிந்து, தேங்காய்ப்பூவோடு சட்டியில் இரண்டு புரட்டுப் புரட்டி இறக்குவது - அதைவிடச் சிறந்த சமையல் முறையை நான் அறியேன். சூடு சொற்பம், நீர் இல்லை, கரற்றீன் கொழுப்பில் மாத்திரமே கரையுமாதலால் அதற்கு வேண்டிய கொழுப்புத் தேங்காயிலிருந்து வருகிறது. விஞ்ஞானி ஒருவர் இருந்து திட்டமிட்டதுபோல் அமைந்திருக்கிறது.

மஞ்சளைப்பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தச் சபை என்னை மன்னிக்காது. மஞ்சளின் நிறப்பொருளை 1815 இல் ஐரோப்பியர் பிரித்தெடுத்துக் குர்குமின் என்று பெயரிட்டனர். நல்ல மஞ்சளிலே அது நூற்றுக்கு 3 பங்கு அளவில் இருக்கும். அதன் இயல்பை நம் தாய்மார் வெகு காலமாகவே அறிவார்கள். ஆலாத்தி எடுக்கும்போது மஞ்சள் நீரிலே சிறிது சுண்ணாம்பு சேர்க்கிறீர்கள். உடனே இரத்தச் சிவப்பாகிறது. காரம் பட்டால் குர்குமின் உருமாறும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. மஞ்சள் தோய்த்த சீலை வெயிலில் உலர்ந்தால் வெளுக்கிறது. ஒளி பட்டாலும் கெடும். 1997 இல் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ நம் உடம்பின் காரத்தன்மையும் வெப்பமும் உள்ள கரைசலிலே குர்குமினை இட்டால் அரைமணி நேரத்துக்குள் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சிதைந்துவிடுகிறது என்று காட்டியது. அதாவது, அடுப்பைத் தப்பி வந்தாலும் குடலிலே அதற்குப் பெரிய கண்டம் காத்திருக்கிறது.

அடுப்பிலே எவ்வளவு போகிறது? மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 2007 இல் இதற்கு விடை தந்தனர். சமைக்கும்போது குர்குமினில் 27 முதல் 53 சதவீதம் வரை அழிகிறது. மிகுதியான அழிவு பத்து நிமிடம் பிரஷர் குக்கரில் வைத்தபோது ஏற்பட்டது. ஆனால் அதே மஞ்சளைப் புளியோடு சேர்த்துச் சமைத்தபோது அழிவு 12 முதல் 30 சதவீதமாகக் குறைந்துவிட்டது. மிளகின் உறைப்புப் பொருளும் 16 முதல் 34 சதவீதம் வரை குறைகிறது. இப்போது நமது இரசத்தை எண்ணிப் பாருங்கள். புளி இருக்கிறது, மஞ்சளைக் காக்கிறது. மிளகும் இருக்கிறது. அந்த மிளகு என்ன செய்கிறது? 1998 இல் பெங்களூர் சென். ஜோன்ஸ் மருத்துவக் கல்லூரியார் 2 கிராம் குர்குமினோடு மிளகின் சாரமாகிய பைப்பரீன் 20 மில்லிகிராம் சேர்த்து மனிதருக்குக் கொடுத்தபோது, இரத்தத்திற் சேர்ந்த குர்குமின் இருபது மடங்காயிற்று. மாத்தளை மிளகு விற்கும் வியாபாரிகள் இதைக் கேட்டு மகிழலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இரசத்தில் நாம் போடுவது ஒரு சிட்டிகை மஞ்சள். அதிலுள்ள குர்குமின் சில மில்லிகிராம்களே. ஆய்வில் கொடுத்ததோ 2,000 மில்லிகிராம். ஒரு சிட்டிகையைக் கொண்டு புற்றுநோய் தீரும், நீரிழிவு தீரும் என்று துண்டுப்பிரசுரம் அடிப்போரை நம்ப வேண்டாம். அப்படியானால் செறிவான குளிசையாகவே விழுங்கிவிடலாமே என்பீர்கள். 2019 இல் இத்தாலியிலே அவ்வாறு மஞ்சட் சாரக் குளிசை விழுங்கியோரிற் சிலருக்கு ஈரல் அழற்சி உண்டாயிற்று. இதைவிடப் பெரிய பாடம் பின்லாந்திலிருந்து வந்தது. கரற்றீன் நிறைந்த மரக்கறிகளை உண்போருக்கு நுரையீரற் புற்றுநோய் குறைவாக இருப்பதைக் கண்டு, புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைச் சேர்த்து, அவர்களுட் பாதிப்பேருக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் கரற்றீன் குளிசை கொடுத்தார்கள். 1994 இல் முடிவு வெளிவந்தது. குளிசை விழுங்கியோருக்குப் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது! கரட்டிலே இருக்கும்போது நல்லவனாயிருந்தவன் குளிசைக்குள் புகுந்ததும் வேறொருவனாகிவிட்டான். ஏன் என்பதை இன்றும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

நுண்சத்துக்களை நிலைக்கச் செய்ய விஞ்ஞானிகள் கையாளும் உபாயங்களும் உண்டு. மாப்பொருளாலோ பிசினாலோ பாற்புரதத்தாலோ மிக நுண்ணிய உறை செய்து, அதற்குள்ளே குர்குமினையோ கரற்றீனையோ அடைத்துவிடுகிறார்கள். உறை வயிற்றைக் கடந்து குடலிலே பிரியும். பேராதனைப் பல்கலைக்கழகத்து விவசாய பீடத்திலே உணவு விஞ்ஞானம் தனித் துறையாகக் கற்பிக்கப்படுகிறது. அங்கே நம் பிள்ளைகள் அதிகமாகச் சேரவேண்டும் என்பது என் ஆசை.

அடுத்து, கடைத்தெரு விஷயம் ஒன்று. நமது கடைகளின் முன்னாலே மஞ்சட்தூளும் மிளகாய்த்தூளும் கண்ணாடிபோன்ற பைகளிலே சரஞ்சரமாகத் தொங்குவதைக் காண்கிறீர்கள். பகல் முழுவதும் வெயில். ஒளியினாற் குர்குமின் கெடுகிறது. மிளகாயின் செந்நிறக் கரற்றீன் வெளுக்கிறது. மிளகுத்தூளாயின் அதன் உறைப்பே மழுங்குகிறது. வெயிலிலே தொங்குகிற சரத்திலிருந்து வாங்காதீர்கள். உள்ளே இருட்டிலே இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். முடியுமானால் மஞ்சளைக் கிழங்காகவும் மிளகை மணியாகவும் வாங்கி வீட்டில் இடித்துக்கொள்ளுங்கள். 2019 இன் இறுதியில் மஞ்சள் இறக்குமதி தடுக்கப்பட்டு, அடுத்த வருடம் விலை வானத்தைத் தொட்டபோது, மஞ்சள் என்ற பெயரிலே எதையெல்லாம் விற்றார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். கிழங்கிலே கலப்படம் செய்வது தூளிலே செய்வதைவிடக் கஷ்டம்.

வெள்ளைப்பூடு - யாழ்ப்பாணத்தார் உள்ளி என்பது - தேயிலையின் கதையையே வேறு விதமாகச் சொல்லுகிறது. முழுப் பல்லிலே வாசம் இல்லை. நசுக்கியதும் சுவர் இடிந்து, நொதியம் தன் வேலையைச் செய்து, அலிசின் என்னும் பொருள் பிறக்கிறது. நசுக்கிய கையோடு கொதிக்கும் எண்ணெயில் இட்டால் நொதியம் வேலை தொடங்குமுன்பே செத்துவிடும். நசுக்கிப் பத்து நிமிடம் வைத்திருந்து பின் சமைத்தால் பயன் பெருமளவு தங்குகிறது என்று அமெரிக்காவிலே கண்டிருக்கிறார்கள். ஆகவே சமையல் தொடங்கும்போது முதல் வேலை உள்ளியை நசுக்கி வைப்பதாயிருக்கட்டும்.

மரவள்ளிக்கிழங்கிலோ நிலையாமையே நமக்கு இரட்சகன். அதிலுள்ள நஞ்சு நீரிலும் சூட்டிலும் சிதைந்து ஆவியாகப் பறந்துவிடுகிறது. அதனாலேதான் பானையை மூடாமல் அவிக்கச் சொன்னார்கள் பெரியவர்கள். எல்லாம் நிலைத்து நிற்கவேண்டுமென்று ஆசைப்படுவதும் ஆபத்தே.

என் பேச்சு இத்துடன் முடிந்தது. ஆயினும் கூட்டத்தின் பின் இருவர் கேட்ட கேள்விகளை, இம்மலரின் ஆசிரியர் விரும்பியபடி, இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

ஓர் அம்மையார், "வாழைப்பூவை அரிந்து மோரிலே போடுகிறோமே, அதுவும் நீங்கள் சொன்ன சங்கதிதானோ?" என்றார். அதுவேதான். வாழைப்பூவிலும் கத்தரிக்காயிலும் தேயிலையிலுள்ளது போன்ற நொதியமே இருந்து கறுக்கச் செய்கிறது. மோரின் புளிப்பு அதன் கையைக் கட்டுகிறது. தேயிலை ஆலையிலே வேண்டுமென்று செய்கிறதை, அடுக்களையிலே வேண்டாமென்று தடுக்கிறோம்.

மற்றவர் தோட்டத்திலிருந்து வந்த இளைஞர். "ஐயா, ஒரு மணி நேரம் கழித்துத் தேத்தண்ணீர் குடிக்கச் சொல்லுகிறீர்கள். மத்தியானம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, தின்று, திரும்பி மலைக்கு ஏறுகிறவளுக்கு அந்த ஒரு மணி நேரத்தை யார் கொடுப்பது?" என்றார். நியாயமான கேள்வி. எனக்கு அந்த அதிகாரம் இல்லை; வேலை நேரத்தைப் பற்றிப் பேசவேண்டிய இடம் வேறு. என்னால் சொல்லக்கூடியது இவ்வளவே: விடியற்காலையில் எழுந்தவுடன் குடிக்கும் தேத்தண்ணீரால் அதிக பாதகமில்லை, அதைக் குடித்து ஒரு மணி நேரம் கழித்து ரொட்டி தின்னட்டும். மத்தியானச் சாப்பாட்டோடு சுடுநீர் குடிக்கட்டும்; தேசிக்காயோ கொய்யாவோ இருந்தால் சேர்த்துக்கொள்ளட்டும். இரும்புக் குளிசையை, கொடுத்தவர்கள் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், இரவிலே படுக்கைக்குப் போகுமுன் வெறுந்தண்ணீரில் விழுங்கட்டும். அன்று பஸ்ஸால் இறங்கியதும் என் உறவினர் வீட்டுக்குத் தொலைபேசியில் நான் சொன்னதும் இதுவே. "இரவிலே என்றால் மறந்துபோகுமே மாமா" என்றாள் அந்தப் பிள்ளை. குளிசைப் போத்தலைத் தலையணைக்குப் பக்கத்திலே வைக்கச் சொன்னேன்.